எண்ணூறு பேர்ச்

பிரதேச சபை மண்டபத்தில்
குப்பைப் பிரிவில் பதினொரு பேர்,
உத்தியோகத்தர் ஆறு பேர்.
ஆளுக்கொரு தாள்,
மூன்று பேருக்கு ஒரு பேனை.

'சூழலியல் பாதச்சுவடு' என்று தலைப்பு.
குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டேன்.
செருப்பு வாசலில் கிடந்தது.

லைட் பில் எவ்வளவு?
அறுநூற்றுச் சொச்சம்.
காஸ் சிலிண்டர்?
கியூவில் நின்ற வருசத்தோடு விட்டாச்சு.
இப்போது சவுக்கங் குச்சி, பாளை, பன்னாடை.
இறைச்சி?
ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பங்கு வரும்.
மற்ற நாளெல்லாம் சூடை மீன்,
அதுவும் விலை இறங்கினால்.
வாகனம்?
சபை ட்ரக்டர் பெட்டி,
குப்பைக்கு மேலே.

'ஆண்டொன்றில் எத்தனை பறத்தல்கள் மேற்கொள்கிறீர்கள்?'

மண்டபமே சிரித்தது.
'காகத்துக்கு அடிச்ச ஃபோம் மாறி வந்திட்டு'
என்றார் றிபாய்தீன் காக்கா.
நான் மட்டும்
'1' என்று எழுதினேன்.

தோஹாவிலிருந்து திரும்பிய பறத்தல்.
ஒன்பது வருசத்துக்குப் பிறகு, நடுச் சீட்டில்.
ஜன்னலோரக்காரர் மறைப்பை இறக்கிவிட்டுத் தூங்கினார்.
ஆகாயத்தை நான் பார்க்கவேயில்லை.

தமயந்தி மிஸ் போனில் தட்டிக் கூட்டினார்.
வெள்ளைப் பலகையில் சிவப்பாய் ஒரு கோடு இழுத்தார்:
நாட்டின் சராசரி.
கோட்டுக்குக் கீழே பெயர்கள் ஒவ்வொன்றாய் இறங்கின.
பொறியியலாளரும் கீழேதான்.
அவர் ஜீப் சபையுடையது,
ஏசி கந்தோருடையது,
பேங்கொக் போய் வந்தது கடமை நிமித்தம்.
அது அவருடைய பறத்தல் இல்லையாம்.

நான் போனதும் கடமை நிமித்தம்தான், மிஸ்
என்று சொல்ல வாயெடுப்பதற்குள்
ஜெஸ்மிலா என்று எழுதிவிட்டார்
கோட்டுக்கு மேலே,
தன்னந்தனியாக.

அந்த வீட்டில் ஒன்பது ஏசி.
ஒன்று கார்களுக்கு.
போட்டதும் நான், அணைத்ததும் நான்.
நான் படுத்த அறையில் ஒரு காற்றாடி,
மூன்றாம் நம்பரில் சுற்றாது.
அந்தக் குளிரெல்லாம்
எந்த நாட்டுச் சராசரியில் சேர்ந்தது?
தாளில் அதற்குக் கட்டமில்லை.

'உங்களைத் தாங்க
வருசத்துக்கு இரண்டு ஹெக்டேயர் நிலம் வேணும்'
என்றார் மிஸ், குரலைத் தணித்து,
பரிசோதனை முடிவு சொல்லும் நேர்ஸ் போல.
ஹெக்டேயர் என்றால் எத்தனை பேர்ச்?
கிட்டத்தட்ட நானூறு.
அப்படியென்றால் எனக்கு எண்ணூறு பேர்ச்!

ஒலுவிலில் என் சீதனக் காணி பத்துப் பேர்ச்.
நான் தோஹாவில் நிலம் துடைத்த வருசங்களில்
கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாய் எடுத்தது.
கிணற்றுக் கட்டு மட்டும்
அலைக்கு நடுவே நிற்கிறதாய் மகள் படம் அனுப்பினாள்.
இப்போது அதுவும் இல்லை.
உறுதி இருக்கிறது, லெமினேட் பண்ணி.
மகளுக்குப் பத்தொன்பது வயது.

'மிஸ், அந்த எண்ணூறில்
பத்தை மட்டும் பிரித்து
உறுதி எழுதித் தர ஏலுமா?'
இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.
மிஸ் பேனையை மூடினார்.
தேத்தண்ணி வந்தது,
பிளாஸ்ரிக் கோப்பையில்.

மறுநாள் காலை குப்பை மேட்டில்
ராத்திரி வந்த ஆனைகளின் லத்தி.
கிண்டினால் லன்ச் சீற், யோகட் மூடி,
ஒரு ஷொப்பிங் பேக்,
போட்ட முடிச்சு போட்டபடி.
வயிற்றுக்குள்ளால் அவ்வளவு தூரம் போய்
அவிழாமல் வந்திருக்கிறது.
மக்காத பக்கம் போட்டேன்.

ஆனையை யாரும் அந்த மண்டபத்துக்குக் கூப்பிடவில்லை.
கூப்பிட்டிருந்தால்
கோட்டுக்கு மேலே எனக்குத் துணையாய் இருந்திருக்கும்.

வேலியோரம் ஈர மண்ணில் அதன் சுவடு,
சுளகளவு,
மழைத் தண்ணீர் நிறைந்து.
செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை வைத்தேன்.
குளிர்ந்தது.
மற்றக் காலுக்கும் இடமிருந்தது.